பெர்ஸ் டன்க்லி சொன்ன ஒரு சொல்

பெர்ஸ் டன்க்லி எந்தச் சுமையையும் ஒரு பார்வை பார்த்து அதன் எடையைச் சொல்லிவிடுவான். பதினான்கு வயதில் குயின்ஸ்லாந்து மலைக்காட்டில் மரம் சாய்க்கிற கூட்டத்தோடு சேர்ந்தவன். கயிறு, கப்பி, முடிச்சு என்றே வளர்ந்து, பிறகு கெய்ர்ன்ஸ் துறைமுகத்தில் கப்பல் சரக்குக்குக் கயிறு மாட்டுகிற வேலைக்கு வந்தான். கல்யாணம் ஆயிற்று, ஒரு பெண் பிறந்தாள், போர் வந்தது. ராணுவம் அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்துப் பார்த்தது. அவன் சுட்ட லட்சணத்தைப் பார்த்துவிட்டு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கயிற்றையே கொடுத்தது. 1943ஆம் வருஷம் அவன் சார்ஜெண்ட். பப்புவாவின் வடகரையில், ஜப்பானியர்களை விரட்டிவிட்டுப் புதிதாகப் போட்டிருந்த ஓர் இறங்குதுறையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் காலை, உள்நாட்டு நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிற கேப்டன் ஹெஸ்லப் இறங்குதுறைக்கு வந்தார். ஒடிசலான மனிதர். போருக்கு முன்னால் வக்கீலாக இருந்தவராம். நிழலில் நின்றபடி அரைமணி நேரம் பெர்ஸ் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்ஜெண்ட், அந்தப் பீப்பா எவ்வளவு இருக்கும்?"

"நானூத்திப் பத்து ராத்தல் சார்."

கேப்டன் குனிந்து பீப்பாயின் அடியில் எழுதியிருந்ததைப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு.

"சரி, நான் எவ்வளவு இருப்பேன், சொல்லுங்க?"

"நூத்தி முப்பத்தெட்டு. பூட்ஸக் கழட்டிட்டா நூத்தி முப்பத்தி நாலு."

பக்கத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த பாஸ்கோவுக்கு வாய் சும்மா இருக்காது. "சார், இவன் என் பொண்டாட்டி போட்டோவப் பாத்தே எடை சொல்லிட்டான் சார். அன்னையிலேர்ந்து நான் போட்டோவ வெளிய எடுக்கறதே இல்ல."

கேப்டன் சிரிக்கவில்லை. சின்ன நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. சார்ஜெண்ட் டன்க்லி, புதிய மணிலாக் கயிற்றோடு மலையடிவாரத்திலுள்ள நிர்வாக நிலையத்துக்குப் போய் கேப்டன் ஹெஸ்லப்பைப் பார்க்க வேண்டும். என்ன வேலை என்று அதில் இல்லை. "எங்கியாவது ஜீப்பு பள்ளத்துல விழுந்திருக்கும்டா. போய்த் தூக்கி விட்டுட்டு வா" என்றான் பாஸ்கோ. பெர்ஸும் அப்படித்தான் நினைத்தான். பெரிய கப்பிகள் இரண்டைக்கூட எடுத்துப் போட்டுக்கொண்டான்.

நிலையம் என்பது பாதி எரிந்த நாலு கட்டடமும் சில கூடாரங்களும். பின்னால் காடு மூடிய மலை, தலையில் எப்போதும் மேகம். கேப்டன் அவனை உட்காரச் சொல்லி, டீயும் கொடுத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"அஞ்சு பேருக்குத் தண்டனை உறுதியாயிருக்கு. வர்ற செவ்வாய்க்கிழமை. மேடை கட்டணும். அப்புறம் அதையும் நீங்கதான் செய்யணும்."

"எதை சார்?"

"அதைத்தான்."

பெர்ஸ் டீயைப் பார்த்தான். ஜீப்பு ஒன்றும் பள்ளத்தில் விழவில்லை என்பது மட்டும்தான் அவனுக்கு முதலில் புரிந்தது. மற்றது மெதுவாகத்தான் இறங்கியது.

"சார், நான் சரக்கு ஏத்தி இறக்கறவன். வீட்டுல கோழிகூட என் பொண்டாட்டிதான் அறுப்பா."

"தெரியும். ஆனா கயிறும் எடையும் தெரிஞ்சவர் இந்தக் கரையிலயே நீங்க ஒருத்தர்தான். கணக்குத் தப்பினா என்ன ஆகும்னு இதுல போட்டிருக்கு." டைப் அடித்த தாள் ஒன்றை நகர்த்தினார். "படிங்க. தெரிஞ்ச ஆள் செய்யறதுதான் அவங்களுக்கும் நல்லதுன்னு உங்களுக்கே தோணும்."

"இது உத்தரவா சார், இல்ல கேக்கறீங்களா?"

கேப்டன் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "உத்தரவுதான்னு நினைக்கிறேன்" என்றார். "மேஜர் என்னடான்னா, தானா முன்வந்தவர்னு எழுதச் சொல்றாரு."

விஷயம் இதுதான். போன வருஷம் ஜப்பானியர்கள் வந்திறங்கியபோது, மிஷன் பாதிரியார் ஒருவரும் ஒரு நர்ஸம்மாவும் காட்டுக்குள் ஒளிந்திருந்தார்கள். மலையடிவாரக் கிராமத்து ஆட்கள் சிலர் அவர்களைப் பிடித்து ஆற்று வழியாகக் கொண்டுபோய் ஜப்பானியர்களிடம் விட்டுவிட்டார்கள். இருவரையும் ஜப்பானியர்கள் கடற்கரையில் வைத்துக் கொன்றுவிட்டார்கள். அந்தக் கிராமத்து ஆட்கள் ஐந்து பேருக்குத்தான் இப்போது தூக்கு.

பெர்ஸ் அந்தத் தாளைப் படித்தான். அதில் யாரோ ஓர் ஆங்கிலேயர் நிதானமாக, ரயில் அட்டவணை போல, மனிதனின் எடையையும் விழ வேண்டிய உயரத்தையும் வரிசையாகப் போட்டிருந்தார். படித்து முடித்தபோது கேப்டன் சொன்னது சரிதான் என்று பட்டது. சரி என்று பட்டதே அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எழுந்து போய்விடவும் தோன்றவில்லை. மறுநாள் காலை மரம் பார்க்கப் போனான்.

மரத்துக்குக் குறைவில்லை, ஆணிக்குத்தான் பஞ்சம். இறங்குதுறையிலிருந்து கொண்டுவந்த ஒரு டப்பா ஆணி முதல் நாளிலேயே தீர்ந்துபோயிற்று. உதவிக்கு உள்ளூர் ஆட்கள் சிலரை விட்டிருந்தார்கள். தண்ணீர் சுமந்தார்கள், மரம் இழுத்தார்கள். அவர்களில் ஒருவன் கிமாரு. நாற்பது வயதிருக்கும். ஒரு காது மடல் கிழிந்து இரண்டாகத் தொங்கும். சொன்ன வேலையைச் செய்துவிட்டு ஓரமாகப் போய் நிற்பான். மற்றவர்கள் உட்காரும்போதும் அவன் நிற்பான்.

இரண்டாம் நாள், குறுக்கு உத்தரத்தைப் பெர்ஸ் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கும்போது கிமாரு அருகே வந்து பார்த்தான். சரியில்லை என்பது போலத் தலையை ஆட்டினான். காட்டுக்குள் போய் ஒரு கட்டு பச்சைப் பிரம்பு வெட்டிக்கொண்டு வந்தான். அதைப் பல்லால் கீறி, நாராக உரித்து, உத்தரமும் கம்பமும் சேருகிற இடத்தில் சுற்ற ஆரம்பித்தான். மேலே ஒரு சுற்று, உள்ளே ஒரு சுற்று, முடிச்சே இல்லாமல் நுனியைத் தன்னடியிலேயே செருகி இழுத்தான். இருபத்திரண்டு வருஷம் கயிற்றோடு வாழ்ந்த பெர்ஸ் அப்படி ஒரு கட்டைப் பார்த்ததில்லை. ஏறி நின்று குதித்துப் பார்த்தான். முனகல்கூட இல்லை.

"இந்தக் கட்டு யாருகிட்டக் கத்துக்கிட்டது?" என்று கேட்டான். காவலுக்கு நின்ற போலீஸ் கார்ப்பரல் பைமுராதான் மொழிபெயர்க்க வேண்டும். பைமுரா மேற்குக் கரைக்காரன். இந்த மலைப் பக்கத்துப் பாஷை அவனுக்கு அரைகுறை. கிமாருவிடம் ஏதோ கேட்டான், கிமாரு ஏதோ சொன்னான்.

"வீடு கட்டறவனாம், தௌபாடா" என்றான். அங்கே வெள்ளைக்காரர் எல்லாருக்கும் தௌபாடாதான் பெயர். "அவன் கிராமத்துல பாதி வீடு அவன் கட்டினதுதானாம்."

அன்றைக்கும் மறுநாளும் இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். பேச்சு இல்லை. சைகை, சிரிப்பு, பெர்ஸின் புகையிலை. செய்தித்தாளைக் கிழித்துச் சுருட்டுவதில் கிமாருவின் கை இன்னும் வேகம். ஒருமுறை பைமுரா வழியாக, "உன் வீடு எங்க இருக்கு?" என்று அவனே பெர்ஸைக் கேட்டான். பெர்ஸ் தெற்கே கை காட்டினான். கடலுக்கு அந்தப் பக்கம், மரக்கால் வைத்துத் தரையிலிருந்து தூக்கிக் கட்டின வீடு என்று மண்ணில் கோடு போட்டுக் காட்டினான். கிமாருவுக்கு மகா சந்தோஷம். அங்கேயும் கால் வைத்துத்தான் கட்டுகிறார்களா! கூரைக்கு என்ன என்று கேட்டான். தகரம் என்று சொன்னதும் முகம் சுளித்தான்.

ஞாயிற்றுக்கிழமை எடை பார்க்கிற நாள். நிலையத்தில் இருந்த தராசு எரிந்துபோயிருந்தது. "நீங்க பாத்துச் சொன்னாப் போதும்" என்றார் கேப்டன். கைதிகள் ஐந்து பேரையும் கூடாரத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்தச் சொன்னார். நான்கு பேர் வந்து நின்றார்கள். மேடைப் பக்கம் பிரம்பு சீவிக்கொண்டிருந்த கிமாருவைப் பைமுரா கை தட்டிக் கூப்பிட்டான். கிமாரு கத்தியைக் கவனமாக மரத்தில் செருகிவிட்டு வந்து ஐந்தாவதாக நின்றான்.

பெர்ஸ் கேப்டனைப் பார்த்தான். கேப்டன் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"சார், இவன் வேலைக்கு வந்தவன்."

"இல்ல, கைதிதான். வேலை செய்யற கைதி. எல்லாருமே அப்படித்தான். வேலி போட நமக்கு ஏது கம்பி?"

"இவன்தான் மேடையக் கட்டினான் சார்."

கேப்டனின் பேனா ஒரு நொடி நின்றது. "எனக்குத் தெரியாது" என்றார். பிறகு, "எடையச் சொல்லுங்க சார்ஜெண்ட்."

பெர்ஸ் சொன்னான். நூற்று நாற்பத்தாறு.

அன்று சாயங்காலம் அவன் கேப்டனின் கூடாரத்துக்குப் போய், அந்த ஆள் என்ன செய்தான் என்று கேட்டான். கேப்டன் மறைக்கவில்லை. ஃபைலை எடுத்துக் காட்டினார். பாதிரியாரையும் நர்ஸம்மாவையும் ஓடத்தில் ஏற்றித் துடுப்புப் போட்டவர்களில் கிமாரு ஒருவன். பாதிரியாரின் கைக்கடிகாரம் அவன் வீட்டுக் கூரையில் செருகியிருந்தது. கேட்டதற்கு, துடுப்புப் போட்டதற்காக அவரே கொடுத்தது என்றான். சாட்சி சொன்னவன் அது பிடுங்கினது என்றான். அந்தச் சாட்சிக்கும் கிமாருவுக்கும் ஒரு பன்றி விஷயமாக ரொம்ப நாள் பகை.

"அப்போ யாரு சொல்றது நிஜம் சார்?"

"கோர்ட்டு சாட்சியை நம்பிச்சு."

"நீங்க?"

"நான் அந்தக் கோர்ட்டுல குமாஸ்தா மாதிரி" என்றார் கேப்டன்.

வெளியே வந்து பைமுராவைப் பிடித்தான். பைமுராவுக்குச் சந்தேகமே கிடையாது. "இவனுங்க எல்லாம் இப்படித்தான் சொல்வானுங்க தௌபாடா. என் அக்கா புருசன் போலீஸ்காரன். அவனையும் இந்த மலைக்காரனுங்கதான் காட்டிக் கொடுத்தானுங்க."

"கிமாருவா?"

"கிமாரு இல்ல. வேற ஊரு. ஆனா எல்லாம் ஒண்ணுதான்."

"இவன் என்னதான் சொல்றான்?"

பைமுரா எரிச்சலோடு தோளைக் குலுக்கினான். "மொதல்ல நீங்க வந்து நாங்கதான் கவர்மெண்டுன்னு சொன்னீங்களாம். கவர்மெண்டு சொன்னா செய்யணும்னு சொன்னீங்களாம். அப்புறம் ஜப்பான்காரன் வந்து இனிமே நாங்கதான் கவர்மெண்டுன்னு சொன்னானாம். வெள்ளைக்காரங்களக் கொண்டு வான்னு சொன்னானாம். கொண்டுபோனேன்றான். கொல்லுவாங்கன்னு தெரியுமாடான்னு கேட்டா, பேசாம நிக்கறான்."

"மேடை எதுக்குன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? மொத நாளே சொல்லியாச்சு."

"அப்புறம் ஏன் கட்டினான்?"

இதைப் பைமுராவும் கேட்டிருந்தானாம். தௌபாடா கட்டினது தப்பு, ஆட்கள் மேல் சரிந்து விழும், அதனால்தான் என்றானாம். பெர்ஸ் அதைக் கேட்டுவிட்டுத் தன் கூடாரத்துக்குப் போனான். அவனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கிமாரு மேலேயே வந்தது.

செவ்வாய்க்கிழமை பொழுது விடிந்ததுமே சுற்று வட்டாரத்துக் கிராமமெல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டது. எல்லாரும் பார்க்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஆயிரம் பேருக்கு மேல் இருக்கும். மேஜர் கால்மணி நேரம் பேசினார்: துரோகம், சட்டம், ராஜா. பைமுரா அதை நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தான். கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் எழுந்து ஏதோ கேட்டார். பாதிரியாரைக் கொன்ற ஜப்பான்காரர்களுக்கும் இதே மேடைதானா என்று கேட்கிறார் என்றான் பைமுரா. மேஜர் அவரை உட்காரச் சொன்னார்.

முதல் இரண்டு பேருக்கும் எல்லாம் அந்தத் தாளில் போட்டிருந்தபடியே நடந்தது. பெர்ஸ் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றையும் கட்டையும் பலகையையும் பார்த்தான். சரக்கு, சரக்கு என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். மூன்றாவதாகக் கிமாரு படியேறி வந்தான். ஏறும்போதே தன் பிரம்புக் கட்டின் மேல் ஒருதரம் கண்ணை ஓட்டினான். பலகைக்கு வந்ததும் நின்று, பெர்ஸைப் பார்த்துச் சுருக்கமாக ஏதோ கேட்டான்.

பெர்ஸ் படிக்குக் கீழே நின்ற பைமுராவைப் பார்த்தான். "என்ன கேக்கறான்?"

"எங்க போறதுன்னு கேக்கறான், தௌபாடா."

பெர்ஸின் வீட்டைப் பற்றிக் கேட்டவன், கூரைக்கு என்ன என்று கேட்டவன். இதெல்லாம் முடிந்த பிறகு நீ எங்கே போவாய் என்றுதான் கேட்கிறான் என்று பெர்ஸ் நினைத்தான். இந்த நேரத்தில் அப்படி ஒரு கேள்வியா! பதில் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை.

"வீட்டுக்கு" என்றான்.

பைமுரா அதை அணிவகுப்புக் குரலில், கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி, திருப்பிச் சொன்னான்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. முன் வரிசையில் ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்றுவிட்டாள். கிமாரு பெர்ஸை ஒரு கணம் பார்த்துவிட்டு, சட்டென்று படிக்கட்டுப் பக்கம் திரும்பினான். பைமுரா ஏறி வந்து அவனைப் பிடித்து நிறுத்தினான். பெர்ஸ் கயிற்றை மாட்டினான். கிமாரு அப்போதும் உடம்பை முறுக்கிக்கொண்டு, வாய் ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். கேப்டனின் கை இறங்கியது. பெர்ஸ் விசையை இழுத்தான்.

உடம்பு கோணலாக விழுந்தது. மற்ற இரண்டு பேரைப் போல அது சுலபமாக முடியவில்லை. எவ்வளவு நேரம் என்று பெர்ஸ் யாரிடமும் சொன்னதில்லை.

மீதி இரண்டு பேரையும் அவனே முடித்தான். எப்படி முடித்தான் என்று அவனுக்கு ஞாபகம் இல்லை. மூன்று நாள் கூடவே சிரித்துக்கொண்டு வேலை செய்தவன், யாருக்கும் பயப்படாமல் ஏறி வந்தவன், கடைசி நொடியில் ஏன் படிக்கட்டுப் பக்கம் திரும்பினான்? வீட்டுக்கு என்று சொன்னதில் என்ன தப்பு? நீ மட்டும் வீட்டுக்குப் போகிறாய் என்று வயிறெரிந்திருப்பானோ? இறங்குதுறைக்குத் திரும்புகிற லாரியில் இதையே திரும்பத் திரும்ப யோசித்தான். "ஜீப்பத் தூக்கிட்டியாடா?" என்று கேட்டுக்கொண்டே வந்த பாஸ்கோ, அவன் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றினான். பின்னால் ஒருநாள் பெர்ஸே அவனிடம் சொன்னான். பாஸ்கோ அதுவரை யாரிடமும் ரகசியம் காத்ததில்லை. இதைக் காத்தான்.

ஒருதரம் பெயர் ஏறிவிட்டால் ராணுவத்தில் அது இறங்காது. அடுத்த வருஷம் இன்னொரு கோட்டத்துக்கு இரண்டு முறை கூப்பிட்டார்கள். இரண்டு முறையும் போனான், மொத்தம் மூன்று பேர். வேலை சுத்தமாக நடந்தது என்று குறிப்பு எழுதினார்கள். மேடையில் யார் எதைக் கேட்டாலும் பெர்ஸ் வாயைத் திறக்கவில்லை. ஒருவன் தண்ணீர்தான் கேட்டான் என்பது முடிந்த பிறகுதான் தெரிந்தது.

போர் முடிந்து ஊருக்குத் திரும்பக் கப்பலுக்காகக் காத்திருந்தபோது இன்னொரு உத்தரவு வந்தது. ஒரு தீவில் ஜப்பானியக் கைதிகளுக்குத் தண்டனை நிறைவேற்ற அனுபவமுள்ள ஆள் வேண்டும். முகாமில் பல பேருக்குப் பொறாமை. "குடுத்து வச்சவன்டா நீ! எனக்கு விட்டுக் குடேன், கயிறு என் செலவு" என்றான் ஜப்பானியர் முகாமில் மூன்று வருஷம் கிடந்து எலும்பாக வந்தவன் ஒருவன். பெர்ஸுக்கும் ஜப்பானியர்கள் மேல் பாசம் ஒன்றும் இல்லை. போகலாம் என்றுதான் அதிகாரியின் மேஜை வரைக்கும் போனான்.

"அங்க மொழிபெயர்க்கறது யாரு சார்?" என்று கேட்டான்.

"எதுக்கு?"

"மேடையில அவங்க ஏதாவது சொன்னா?"

"சொன்னா என்ன? அவங்க சொல்றதக் கேக்கவா உன்னை அனுப்பறோம்?"

"அப்ப என்னால முடியாது சார்."

அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். எட்டுப் பேரைத் தூக்கில் போட்டவன், ஒன்பதாவது ஆளின் மொழி தெரியாது என்கிறான்! டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, நரம்புத் தளர்ச்சி என்று எழுதிக் கொடுத்தார். தனக்கு நரம்புத் தளர்ச்சி இருக்கிறதா இல்லையா என்று பெர்ஸுக்குத் தெரியாது. கையை நீட்டிப் பார்த்தான், நடுங்கவில்லை.

கெய்ர்ன்ஸில் பழையபடி கப்பல் சரக்கு வேலை. மனைவி இல்மாவிடம் இறங்குதுறையில் வேலை பார்த்தேன் என்று மட்டும் சொல்லியிருந்தான். அது பொய்யும் இல்லை.

1951 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த நிலையத்துக்குப் பின்னாலிருந்த மலை வெடித்தது. அது எரிமலை என்பதே அங்கே யாருக்கும் தெரியாது. ஒரே மூச்சில் சூடான சாம்பல் இறங்கி, நிலையத்தையும் சுற்றியிருந்த கிராமங்களையும் துடைத்துவிட்டது. ஆயிரக்கணக்கில் ஜனங்கள் செத்துப்போனார்கள். செய்தித்தாளில் படத்தைப் பார்த்த பெர்ஸுக்கு மேடை நின்ற இடம் எது என்று அடையாளம் தெரியவில்லை. போய்த் தொலைந்தது என்று ஒரு நிம்மதி வந்தது. வந்த நொடியே, அங்கே உட்கார்ந்து பார்த்த ஆயிரம் பேரும் நினைவுக்கு வந்தார்கள். கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான்.

நிவாரணச் சாமான் ஏற்றப் படகு ஒன்று கெய்ர்ன்ஸுக்கு வந்தது. போர்வை, அரிசி, கூடாரத் துணி. ஏற்றிவிட்டது பெர்ஸ்தான். இறக்குவதற்கும் ஆள் வேண்டும் என்றார்கள். யோசிக்காமல் தானும் ஏறிக்கொண்டான். இல்மாவுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினான்.

பிழைத்தவர்களைக் கடற்கரையோரம் ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். தார்ப்பாய் கட்டிக் கொடுத்துக்கொண்டு போகும்போது, மூன்றாம் நாள் ஒரு குரல் கேட்டது: "கயிறு தௌபாடா!" திரும்பிப் பார்த்தான். வெள்ளைச் சட்டை போட்ட மிஷன் வாத்தியார். பெயர் சிப்ரியன், நல்ல இங்கிலீஷ் பேசினார்.

"நீங்கதானே அவரு? நான் அன்னிக்கு மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன்."

பெர்ஸுக்குக் கால் ஓடவா நிற்கவா என்றிருந்தது. ஆமாம் என்றான்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எங்க ஜனங்க எட்டு வருசமா இதைப் பேசிட்டு இருக்காங்க. எங்களுக்குள்ள சண்டையே வந்திருக்கு." சிப்ரியன் சுற்றிலும் பார்த்துவிட்டு, பக்கத்துக் கொட்டகையிலிருந்து நாலைந்து பேரைக் கூப்பிட்டார். வந்தவர்களில் ஒரு பெண்பிள்ளை, கையெல்லாம் தீப்புண் கட்டு. "கிமாருவ ஏன் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டு அப்புறம் தூக்குல போட்டீங்க?"

"நான் எப்போ சொன்னேன்?"

"எல்லாரும் கேட்டமே. அந்தப் போலீஸ்காரன் உரக்கச் சொன்னானே, 'வீட்டுக்குப் போ'ன்னு. சில பேரு, தௌபாடா மன்னிச்சுட்டாரு, பெரிய தௌபாடா கைய ஆட்டினதுனால பயந்து இழுத்துட்டாருன்னு சொல்றாங்க. சில பேரு, அது கேலின்னு சொல்றாங்க. மிஷன்ல சில பேரு, வீடுன்னா மேல இருக்கற வீடுன்னு சொல்றாங்க. இப்ப மலை வெடிச்சதும், அந்தப் பொய்க்குத்தான் மலை கோவிச்சுக்கிச்சுன்னு ஒரு கட்சி. இல்ல, பாதிரியாரக் காட்டிக் கொடுத்ததுக்குன்னு ஒரு கட்சி. எதுதான் நிஜம்?"

பெர்ஸ் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"அவன் என்ன கேட்டான்?" என்றான். "மேல வந்ததும் என்கிட்ட ஒண்ணு கேட்டானே. அது என்ன?"

"உங்களுக்குத் தெரியாதா?" சிப்ரியனுக்கு ஆச்சரியம். "'நான் எங்க போய் நிக்கணும்'னு கேட்டான்."

பெர்ஸ் திக்கித் திணறிச் சொன்னான்: பைமுரா 'எங்க போறது' என்று மட்டும்தான் சொன்னான், நான் எங்கே போவேன் என்று கேட்பதாக நினைத்தேன், என் வீட்டுக்கு என்றேன், அவ்வளவுதான். சிப்ரியன் அதை மற்றவர்களிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஒரு வார்த்தைக்கு இரண்டு வார்த்தையாக, அவர்கள் கேட்டதற்கெல்லாம் திரும்பச் சொல்லி. ஒரு கிழவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். இன்னொருவர் சிரித்தேவிட்டார், சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். இது கட்டுக்கதை, இந்த ஆள் தப்பிக்கப் பார்க்கிறான் என்று ஒருவர் எழுந்து போனார்.

கையில் கட்டுப் போட்டிருந்தவள் கிமாருவின் மனைவி. பெயர் அசூட்டா. அன்று முன் வரிசையில் எழுந்து நின்றவள் அவள்தான். அவள் நெடுநேரம் பெர்ஸையே பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள்.

"அவன் எப்பவும் அப்படித்தானாம்" என்றார் சிப்ரியன். "யாரு வீட்டுக்குப் போனாலும் எங்க உக்காரணும்னு கேட்டுட்டுத்தான் உக்காருவானாம். அவ அம்மா வீட்டுலகூட அப்படித்தான்றா."

மன்னிப்புக் கேட்கலாமா? எதற்கு என்று சொல்லிக் கேட்பது? தூக்கில் போட்டதற்கா, ஒரு வார்த்தை சொன்னதற்கா? பெர்ஸ் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்து, தன் கொட்டகைத் தார்ப்பாயின் ஒரு மூலை காற்றில் அடித்துக்கொள்வதைக் காட்டினாள். போய்க் கட்டினான். அவள் வந்து கட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, போதும் என்கிற மாதிரி உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அவனிடம் பேசவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. பெர்ஸ் மூன்று வாரம் அங்கே இருந்துவிட்டுப் படகேறினான்.

ஊருக்கு வந்ததும் இல்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டு முடித்துவிட்டு, "பாஸ்கோவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"எட்டு வருசமா அந்த ஓட்டவாயனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது." இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், தூக்குமேடையைப் பற்றி இல்லை, குழாய் ஒழுகுவதைப் பற்றி.

பெர்ஸ் அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் உயிரோடு இருந்தான். துறைமுகத்தில் கிரேன்கள் வந்தன. எடையைக் கண்ணால் பார்க்கிற வேலை போயிற்று. பெண்ணுக்குக் கல்யாணம் செய்து கொடுத்தான். சிப்ரியன் வாத்தியார் கிறிஸ்துமஸுக்கு ஒரு கடிதம் போடுவார், இவன் சுருக்கமாகப் பதில் எழுதுவான். புது ஊர் கட்டியிருக்கிறோம், பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டோம் என்று இருக்கும். அந்த நாளைப் பற்றி இருவரும் எழுதியதில்லை.

ஒருநாள் பட்டாணி உரித்துக்கொண்டே இல்மா கேட்டாள். "ஏங்க, அந்த அஞ்சு பேரும் நிஜமாவே செஞ்சாங்களா?"

"மூணு பேரு செஞ்சிருப்பாங்கன்னு தோணுது. ஒருத்தன் செஞ்சிருக்க மாட்டான்."

"அந்த வீடு கட்டறவன்?"

"சில நாள் செஞ்சான்னு தோணும். சில நாள் பாவம்னு தோணும்."

"இன்னிக்கு?"

பெர்ஸ் ஒரு பட்டாணியை விரலுக்கிடையில் உருட்டினான்.

"இன்னிக்கு இன்னும் ஒண்ணும் தோணல" என்றான்.